ஜூலையில் பிறந்த பிள்ளை: எல்.கே.ஜி. இந்த ஜூனிலா, அடுத்த ஜூனிலா?

தை மாதம் அறுவடை மிஷின் வயலில் இறங்கும் நேரத்தில்தான் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் எல்.கே.ஜி. விண்ணப்பமும் கொடுக்கத் தொடங்குவார்கள். அந்த வாரம் யாராவது ஓர் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். "டீச்சர், இவனுக்கு ஜூலைலதான் மூணு முடியுது. இந்த வருஷமே போட்டுறலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா?"

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஒரு நர்சரி பள்ளியில் 14 ஆண்டுகள் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்தவள் என்பதால் என்னிடம் வருகிறார்கள். என் இரண்டு பிள்ளைகளில் ஒருவனைச் சீக்கிரம் அனுப்பினேன், ஒருத்தியை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தேன், இரண்டிலும் தப்புச் செய்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் பிள்ளைக்கு முதல் முறையாகப் பள்ளி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிப்ரவரிக்குள் உட்கார்ந்து யோசித்துவிடுங்கள். மே கடைசியில் யோசிக்க ஆரம்பித்தால் யூனிஃபார்ம் தைத்து வந்திருக்கும், பையும் வாங்கியிருப்பீர்கள். அதற்கப்புறம் எடுக்கிற முடிவு அந்தப் பையின் முடிவுதான்.

முதலில் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள்

நேற்றைய தேதித் தாள் போதும். அதன் பின்பக்கத்தில் கணக்கை ஒன்றாம் வகுப்பிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். எல்.கே.ஜி.யில் பிள்ளை அழுதால் தூக்கி வைத்துக்கொள்ள ஆயா இருப்பார். ஒன்றாம் வகுப்பில் புத்தகம், நோட்டு, வீட்டுப்பாடம் எல்லாம் வந்துவிடும். வயது குறைந்த பிள்ளை திணறுவது பெரும்பாலும் அங்கேதான்.

தமிழ்நாட்டில் வயதுக் கணக்கு ஜூலை 31-ஐ வைத்து. அன்றைக்கு 3 வயது முடிந்திருந்தால் எல்.கே.ஜி., 4 முடிந்திருந்தால் யு.கே.ஜி., 5 முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. பள்ளி திறப்பதோ ஜூனில். 2023 ஜூலை 20-ல் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 2026 ஜூலை 31-க்குள் மூன்று முடிந்துவிடுவதால் 2026 ஜூனில் எல்.கே.ஜி. சேரலாம். ஆனால் வகுப்பில் போய் உட்காரும் நாளில் வயது 2 வருஷம் 11 மாதம்தான். ஒன்றாம் வகுப்பு 2028 ஜூனில், ஐந்து முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே வந்துவிடும்.

அதே தெருவில் 2023 ஆகஸ்ட் 5-ல் பிறந்த குழந்தை 16 நாள்தான் இளையது. அது 2027-ல் எல்.கே.ஜி. சேர்ந்து, 2029 ஜூனில் 5 வருஷம் 10 மாதத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போகும். நம் ஜூலைப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரப்போவதோ 2022 ஆகஸ்டில் பிறந்த பிள்ளை. 11 மாத வித்தியாசம் உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. மூன்று வயசுப் பிள்ளைக்கு அது வாழ்ந்த நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

ஏப்ரல் முதல் ஜூலை வரை பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கேள்வி உண்மையில் எழுகிறது. ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிறந்தவர்களின் வீட்டில் கேட்பது இதற்கு நேர் எதிரான கேள்வி: "ஒரு மாசம்தானே குறையுது, எப்படியாவது சேர்த்துடலாமா?" அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். என் வயதுக்காரர்களில் பலருக்கு ஜாதகத்தில் ஒரு பிறந்தநாள், டி.சி.யில் ஒரு பிறந்தநாள். ஹெட்மாஸ்டர் பார்த்துப் போட்ட தேதி அது. இனி அந்த வழி இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் என்று சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அப்புறம் நீட் தேர்வுக்கு, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்த பிள்ளையை முன்னாலேயே தள்ளிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அந்த ஒரு வருஷத்தை அப்போது வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டி வரும்.

தள்ளிப்போட்டால் எந்தக் கதவு மூடும்?

இதைப் பார்க்காமல் முடிவெடுத்துவிட்டு வந்து அழுதவர்களை எனக்குத் தெரியும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்கள் நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்கப்படுகின்றன. நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. முக்கியமான விஷயம் வயது. 2024-25 எல்.கே.ஜி. சேர்க்கைக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்களைத்தான் எடுத்தார்கள். அதாவது ஒரு பிள்ளைக்கு இந்த ஜன்னல் ஒரே ஒரு வருஷம்தான் திறந்திருக்கும். ஜூலைப் பிள்ளையை ஒரு வருஷம் நிறுத்தினால் அடுத்த வருஷக் கணக்கில் அது வயது மீறிய பிள்ளை. இலவச இடத்தை நம்பியிருக்கும் வீடு என்றால் மற்ற எல்லா யோசனையையும் விட இதுதான் பெரிது. விண்ணப்பம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் இணையத்தில் நடக்கும். 2025-ல் அது அக்டோபருக்குப் போனது. அதனால் தேதியைப் போன வருஷத்தை வைத்து ஊகிக்காமல் அறிவிப்பைப் பாருங்கள்.

இரண்டாவது கதவு கேந்திரிய வித்யாலயா. தஞ்சாவூரில் விமானப்படையிலோ, ரயில்வேயிலோ, மத்திய அரசு வேலையிலோ இருக்கிற வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். 2022-23 முதல் அங்கே ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிற வயதும் ஆறுதான். தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை ஐந்து என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் ஜூலைப் பிள்ளை மாட்டிக்கொள்ளும். 2023 ஜூலையில் பிறந்தவன் கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்பு சேரக்கூடியது 2030 ஏப்ரலில். 2026-லேயே எல்.கே.ஜி. போட்டால் 2028-ல் யு.கே.ஜி. முடித்துவிட்டு இரண்டு வருஷம் எங்கே வைத்திருப்பீர்கள்? அந்த வீட்டுக்கு நிறுத்தி வைப்பதே சரி, அதுகூட ஒரு வருஷம் போதாது. மற்ற சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் எந்த வயதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று சேர்ப்பதற்கு முன்பே கேட்டு, விண்ணப்பத்தில் எழுத்தாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கதவு அல்ல, திறந்தே கிடக்கிற வாசல். ஒன்றாம் வகுப்பை ஊர் அரசுப் பள்ளியில் படிக்க வைக்கப் போகிறீர்கள் என்றால் எல்.கே.ஜி.யே கட்டாயம் இல்லை. பால்வாடியிலிருந்து நேராக ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் உண்டு. 2023 ஆகஸ்ட் 25-ல் அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தது நம் நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்குவளையில்தான். 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிள்ளையை ஒரு வாரம் பாருங்கள்

எங்கள் காலத்தில் சோதனை சுலபம். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதுக்குப் பக்கத்தில்தான் கை எட்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்துக்கு அது மோசமான அளவுகோல் இல்லை.

இப்போது பெற்றோர் வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். "ஏ டு இசட் சொல்லுவான் டீச்சர், நூறு வரைக்கும் எண்ணுவான்." மூன்று வயசில் அதைச் சொல்வதற்கும் வகுப்பில் தாக்குப்பிடிப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் வகுப்பில் முதல் மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டவர்களில் நன்றாக ரைம்ஸ் சொன்ன பிள்ளைகள் நிறைய.

நான் பார்க்கச் சொல்வது இவற்றை.

ஒண்ணுக்கு, ரெண்டுக்கு வந்தால் அம்மா அல்லாத ஒருவரிடம் சொல்கிறதா? வீட்டில் சொல்வது கணக்கில்லை. அத்தை வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ சொல்ல வேண்டும். ஜட்டியைத் தானே இறக்கி ஏற்றத் தெரிகிறதா? இது தெரியாத பிள்ளை அடக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். தண்ணீரே குடிக்காது. மத்தியானத்துக்குள் முகம் வாடிவிடும், நாங்கள் காய்ச்சல் என்று நினைத்துத் தொட்டுப் பார்ப்போம்.

டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கிறதா, கையால் அள்ளி பாதியாவது சாப்பிடுகிறதா? வீட்டில் பின்னாலேயே ஓடி, நிலா காட்டி, டி.வி. போட்டு ஊட்டுகிற பிள்ளை பள்ளியில் இட்லியை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். முப்பது பிள்ளைக்கு ஊட்ட எங்களுக்கு இரண்டு கைதான்.

நீங்கள் இல்லாமல் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறதா? கல்யாண வீட்டில் கூட்டத்தோடு இருந்ததைச் சொல்லவில்லை. அப்பாயியிடமோ அம்மாச்சியிடமோ விட்டுவிட்டுப் போய், அழுது, அப்புறம் அடங்கி விளையாடியிருக்கிறதா? அழுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கவனியுங்கள்.

மத்தியானம் தூங்காமல் இருக்கிறதா? இதை யாரும் கேட்பதே இல்லை. ஒரு மணிக்குச் சொக்கி விழுகிற பிள்ளையை மூன்றரை வரை பெஞ்சில் வைத்திருந்தால் அது படிக்காது, அடுத்தவனைக் கடிக்கும்.

புது ஆள் ஒருவர் "அந்தச் செருப்பை எடுத்து வாசல்ல வை" என்று சொன்னால் செய்கிறதா? இரண்டு வேலையை ஒரே மூச்சில் கேட்டு முடிக்கிற பிள்ளை வகுப்புக்குத் தயார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பென்சில் பிடிப்பது, கோட்டுக்குள் வண்ணம் அடிப்பது எல்லாம் இந்தப் பட்டியலில் கிடையாது. அதைச் சொல்லித் தரத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஐந்தில் மூன்று வந்தால் அனுப்பலாம் என்பது என் கைக்கணக்கு. ஜனவரியில் பார்க்கிறீர்கள், பள்ளி திறக்க ஐந்து மாதம் இருக்கிறது. மூன்று வயசுப் பிள்ளை ஐந்து மாதத்தில் வேறு ஆளாகிவிடும். அதனால் ஏப்ரல் கடைசியில் இன்னொரு வாரம் பாருங்கள்.

பொறுத்தால் சரியாகும் விஷயமா அது?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுத்தி வைக்கும் வீடுகளில் இரண்டு வகை. ஒன்று, பிள்ளை நன்றாக இருக்கிறது, வயது குறைவு, அவ்வளவுதான். இன்னொன்று, பிள்ளை இன்னும் சரியாகப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, மற்ற பிள்ளைகளோடு சேர்வதில்லை. "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனான், ஒரு வருஷம் போகட்டும்" என்பார் மாமியார்.

முதல் வகைக்குக் காத்திருப்பது உதவும். இரண்டாவது வகைக்குக் காத்திருப்பது நஷ்டம். மூன்று வயதில் பிள்ளை மூன்று நாலு வார்த்தை சேர்த்துப் பேச வேண்டும், வீட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். இல்லையென்றால் பள்ளியா வீடா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொண்ட பிள்ளையை 'பிடிவாதக்காரன்' என்று நானே ஒரு முறை நினைத்திருக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டால், வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைகளுக்கான இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். செவித்திறன் சோதனை, பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் அங்கே இலவசம். பால்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற பள்ளிச் சிறார் நல மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அங்கேதான் அனுப்புவார்கள். பயிற்சியும் பள்ளியும் ஒன்றாகவே நடக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மற்ற பிள்ளைகளின் நடுவில் இருப்பதே பாதி மருந்து.

இணையத்தில் தேடினால் அமெரிக்கப் பேச்சுதான் முதலில் வரும். அங்கே இதற்கு 'ரெட்ஷர்ட்டிங்' என்று பெயர். கல்லூரி விளையாட்டு அணியில் ஓர் ஆண்டு ஆட விடாமல் உட்கார வைக்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல். ஆனால் அவர்களுடைய கிண்டர்கார்டன் ஐந்து வயதுக்கு. பின்லாந்தில் பள்ளியே ஏழு வயதில்தான். ஐந்து வயசுப் பிள்ளையைப் பற்றி அவர்கள் சொல்வதை நம் மூன்று வயசுப் பிள்ளைக்கு அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. ஒன்றாம் வகுப்புக்கு வேண்டுமானால் பொருத்திப் பார்க்கலாம். மூத்த பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இருக்கிற மதிப்பெண் முன்னிலை மேல் வகுப்புக்குப் போகப் போகக் கரைந்துவிடும் என்பது பல ஆய்வுகளில் வருகிறது. இன்னொன்று என்னை உலுக்கியது. அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வயது எல்லையாக வைத்திருக்கிற மாநிலங்களை 2018-ல் ஆராய்ந்தார்கள். ஆகஸ்டில் பிறந்த, அதாவது வகுப்பிலேயே சின்னப் பிள்ளைகளுக்குக் கவனக்குறைவு நோய் என்று முத்திரை விழுவது, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. என் மகனின் ஒன்றாம் வகுப்பு டைரியில் "கவனம் போதாது" என்று வாராவாரம் எழுதி வரும். அவன் ஜூலைக்காரன். கவனம் போதாமல் இல்லை, வயது போதவில்லை. நாலாம் வகுப்பில் அந்த வாசகம் தானாக நின்றது. அதுவரை அவனைத் திட்டியது நான்தான்.

பள்ளியைப் பாருங்கள், வேனையும் பாருங்கள்

ஒரே பிள்ளை ஒரு பள்ளிக்குத் தயாராக இருக்கும், இன்னொரு பள்ளிக்கு இருக்காது. அதனால் "என் பிள்ளை ரெடியா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

எல்.கே.ஜி. எத்தனை மணிக்கு விடுகிறார்கள்? மத்தியானம் விடுகிற பள்ளி என்றால் ஜூலைப் பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம். முதல் நாளே நாலு கோடு நோட்டு கொடுக்கிறார்களா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆயா எத்தனை பேர்? சேர்க்கும்போது பிள்ளையை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்களா? எழுத்துச் சோதனை, நேர்காணல் என்று வடிகட்டுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. மூன்று வயசுப் பிள்ளையிடம் "வாட் இஸ் யுவர் நேம்" கேட்டுத் தேர்வு செய்கிற பள்ளி, பிறகு அந்தப் பிள்ளையை எப்படி நடத்தும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தில் எல்.கே.ஜி. தரைத்தளத்தில் இருக்கிறதா, வெளியே வர இரண்டு வழி இருக்கிறதா, சமையல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 2004 ஜூலை 16-ல் நடந்த பள்ளித் தீ விபத்துக்குப் பிறகு கும்பகோணத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 94 பிள்ளைகள். எங்கள் ஊரில் அந்தத் தேதியில் இன்றும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம்.

அப்புறம் வேன். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வரும் வேன் ஏழரைக்கே வாசலில் ஹாரன் அடிக்கும். ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை ரோட்டில் ஆடி ஆடி ஒன்பது மணிக்குப் போய்ச் சேரும். சாயங்காலம் அதே மாதிரி. நான் வேலை பார்த்த பள்ளியிலேயே மகனைப் போட்டிருக்கலாம். பெயர் பெற்ற பள்ளி என்று டவுனில் போட்டேன். இரண்டாவது வாரம் அவன் பின் சீட்டில் தூங்கிப்போய், வேன் ஷெட்டுக்கே போய்விட்டது. டிரைவர் கண்ணாடி துடைக்க ஏறியபோதுதான் பார்த்திருக்கிறார். இருபது நிமிஷம்தான். அந்த இருபது நிமிஷத்தில் தெருவில் இருந்த எல்லாக் குளத்தையும் நாங்கள் எட்டிப் பார்த்துவிட்டோம். மூன்று வயசுப் பிள்ளையை வேனில் அனுப்புவதாக இருந்தால் உதவியாளர் இருக்கிறாரா, இறக்கிவிட்டு எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். ஒருவழிக்கு அரை மணிக்கு மேல் என்றால், வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் நான் ஒரு வருஷம் தள்ளித்தான் போடச் சொல்வேன், இல்லை பக்கத்துப் பள்ளியில் போடச் சொல்வேன்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முதல் வருஷப் பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சளி, காய்ச்சல் வரும். நாகை, மயிலாடுதுறை பக்கம் மழை விடுமுறையும் விடுவார்கள். பிள்ளை பள்ளியை மறந்துவிட்டுத் திரும்பப் போகும்போது ஜூன் மாத அழுகை மறுபடி தொடங்கும். அது நீங்கள் தப்பாக முடிவெடுத்ததற்கு அடையாளம் இல்லை, அடைமழைக்கு அடையாளம்.

நிறுத்தினால், அந்த வருஷத்தில் பிள்ளை என்ன செய்யும்?

இதற்குப் பதில் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். பதில் இல்லையென்றால், பள்ளி திறக்கும் ஜூனில் மூன்று வயசு முடிய ஒரு மாதம் குறைந்தாலும் ஜூலைப் பிள்ளைக்குப் பள்ளியே மேல்.

மகனிடம் பட்டதால் மகளை நிறுத்தினேன். ஜூன் மாதப் பிள்ளை. நான் பள்ளிக்குப் போய்விடுவேன், வீட்டில் அப்பாயி. அவருக்கு முழங்கால் வலி, பிள்ளை பின்னால் ஓட முடியாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அவள் கையில் போன்தான். பேச்சு குறைந்தது, சாப்பாடு போனைப் பார்த்தால்தான் இறங்கியது. எல்.கே.ஜி. டீச்சர் வீட்டுப் பிள்ளை! விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய் நெல்லில் 'அ' எழுத வைத்துவிட்டு, அதற்கு அடுத்த நாள் எங்கள் தெருக் கோடியில் இருந்த பால்வாடியில் கொண்டுபோய் விட்டேன்.

பால்வாடி என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இரண்டு வயதிலிருந்து பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். காசு கிடையாது, வேன் கிடையாது. சூடான சாப்பாடு, முட்டை, சத்துமாவு. எடை பார்த்து எழுதி வைக்கிறார்கள். பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் தமிழில். சாப்பிட்டதும் பாய் விரித்துத் தூங்க வைக்கிறார்கள், எந்த இங்கிலீஷ் மீடியமும் அதைச் செய்வதில்லை. குறையும் உண்டு. ஒரே ஆள் எல்லா வேலையும் பார்க்கும் மையங்கள் இருக்கின்றன, சில இடங்களில் கழிப்பறை சரியில்லை. எல்லா மையமும் ஒரே மாதிரி இல்லை, ஒரு காலை நேரம் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பால்வாடி ஒத்துவராவிட்டால், வீட்டில் வைத்திருக்கும் வருஷத்துக்கு மூன்று விஷயம் வேண்டும்: தினமும் இரண்டு மணி நேரமாவது வேறு பிள்ளைகள், ஓடக்கூடிய ஒரு பெரியவர், கதை சொல்ல ஓர் ஆள். தாத்தா வயலுக்குப் போகும்போது கூடப் போய், நாற்று முடிச்சு எண்ணி, நத்தை பொறுக்கி, வாய்க்காலில் காகிதக் கப்பல் விடுகிற பிள்ளைக்கு அது எல்.கே.ஜி.க்குக் குறைந்தது இல்லை. தண்ணீர்ப் பக்கம் மட்டும் ஒரு கண் வேண்டும். ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் இரண்டு கண்.

பிரீ கே.ஜி.யில் போடுவதை நிறுத்தி வைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அது கட்டணம் கட்டி இன்னொரு வருஷம் பள்ளிக்கு அனுப்புவதுதான். அதே வேன், அதே நேரம் என்றால் பெயர் மட்டும்தான் வேறு.

பணத்தையும் பேசிவிடலாம். சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பணம் கணக்கில் ஏறும் நேரமும் பள்ளிக் கட்டணம் கட்டும் நேரமும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், கையில் இருக்கும்போதே கட்டிவிடுவோம் என்று பலர் அவசரப்படுகிறார்கள். கட்டிய பணம் திரும்பி வருமா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்காமல் கட்டாதீர்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

பிள்ளையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குத்தான் முதல் ஓட்டு. வெளிநாட்டிலிருந்து போனில் பேசுகிற அப்பா "போடு, எல்லாரும் போடுறாங்கள்ல" என்பார். அவரிடம் காலண்டர் தாளை போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஒன்றாம் வகுப்பு வயதைப் பார்த்தால் பேச்சு மாறும். "எதிர்வீட்டுப் பிள்ளை போறானே, இவன் ஒரு வகுப்பு பின்னாடி ஆயிடுவானே" என்று பெரியவர்கள் சொல்வது நியாயமான வருத்தம்தான். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நாம் அவர்கள் காதுபட சொல்லிக்கொண்டிருக்காத வரை.

முடிவை மாற்ற வேண்டி வந்தால்

சேர்த்துவிட்டீர்கள், ஆறு வாரம் ஆகிறது. பிள்ளை இன்னும் ராத்திரி பதறி எழுகிறது, உச்சா போவது மறுபடி படுக்கையிலேயே ஆகிவிட்டது, எடை குறைகிறது. முதலில் வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்து, அரை நாள் மட்டும் அனுப்பலாமா என்று கேளுங்கள். பல பள்ளிகள் ஒத்துக்கொள்ளும், பலகையில் எழுதிப்போட மாட்டார்கள், அவ்வளவுதான். அதுவும் சரிவராவிட்டால் காலாண்டு விடுமுறையோடு நிறுத்திவிடலாம். எல்.கே.ஜி.யில் நிறுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. யு.கே.ஜி. முடித்த பிறகு அதே யு.கே.ஜி.யில் இன்னொரு வருஷம் உட்கார வைப்பதுதான் பிள்ளைக்குப் புரிந்து வலிக்கும், ஏனென்றால் கூட இருந்தவர்கள் ஒன்றாம் வகுப்புக்குப் போவதை அது பார்க்கும்.

நிறுத்தும்போது ஒரு வேலையை மறக்காதீர்கள். சேர்த்த அன்றே பிள்ளையின் பெயர் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏறி ஓர் எண் விழுந்திருக்கும். அடுத்த வருஷம் வேறு பள்ளியில் போகும்போது, பழைய பள்ளி அந்தப் பெயரைப் பொதுப் பட்டியலுக்கு விடுவிக்காமல் வைத்திருந்தால் புதுப் பள்ளியால் ஏற்ற முடியாது. பாக்கிக் கட்டணத்தைச் சொல்லி இழுத்தடிக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. அதனால் நிறுத்துகிற அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, எமிஸில் விடுவித்துவிட்டார்களா என்று அலுவலகத்தில் திரையிலேயே காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள்.